இடது காதுக்கு மட்டும்

மேடையில் ஐந்து பேர் உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு மண்ணும் கேட்கவில்லை.

ரப்பர் தட்டுகளில் குச்சி விழும் டொக் டொக், கீபோர்ட் கட்டைகள் அமுங்கும் சத்தம், பாடகர் குகநாதனின் வெறுங்குரல், அவ்வளவுதான். பேர்னுக்குப் பக்கத்தில் ஓஸ்டர்முண்டிகனில் சுவிஸ்காரரின் சபை மண்டபம் ஒன்றைத் தமிழ்ச் சபை வாடகைக்கு எடுத்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு முறை பொலிசுக்கு ரெலிபோன் அடித்த பிறகு, கட்டடத்துக்குப் பொறுப்பான ஹவுஸ்வார்ட் வந்து, ஒத்திகைக்கு ஸ்பீக்கர் போட்டால் மண்டபத் திறப்பைத் திருப்பி வாங்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அன்றிலிருந்து மின்சார டிரம்ஸ், எல்லோர் காதிலும் வயர். அவர்கள் காதுக்குள் பெரிய கச்சேரி நடந்தது. வாசலில் நின்ற எனக்கு ஊமைப்படம்தான்.

சத்தமில்லாமல் சத்தம் போடுகிற இந்த வித்தையை என் மனைவிக்கும் படிப்பிக்க வேண்டும் என்று சிவகலாவிடம் சொன்னேன். சிவகலா சிரிக்கவில்லை. மேடையில் டிரம்ஸ் வாசிக்கிற புதுப் பெடியனின் இடது காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பெயர் குணசேகரம். சிவகலாவுக்குக் கார் ஓட்டுவதும், அவர் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளைக் கேட்டுத் திட்டு வாங்குவதும் என் வேலை. துப்பறியத் தொடங்குவதற்கு முன் சிவகலா பேர்ன் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். சாட்சி சொன்னதில் ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் யாரோ ஒருவன் சிறைக்குப் போவான் என்று பழகிய மூளை. அவருக்கு முன்னால் வாயைத் திறக்க எனக்கே சில நேரம் பயம் வரும், ஆனாலும் திறப்பேன்.

நாங்கள் வந்தது சயன் என்ற இருபத்துமூன்று வயதுப் பெடியனின் சாவுக்காக. அந்த மேடையில் டிரம்ஸ் வாசித்தவன் அவன்தான். சின்ன வயதிலிருந்து வலிப்பு. குளிசை போட்டால் ஒன்றும் வராது, படித்தான், வேலைக்குப் போனான், சுகமாக இருந்தான். மாசி மாதம் ஒரு மாலை வீட்டில் குளிக்கும் தொட்டிக்குள் வலிப்பு வந்தது. தாய் யோகாம்பாள் ஆஸ்பத்திரித் துப்புரவு வேலை முடிந்து வரும்போது தண்ணீர் கதவுக்கு வெளியே வந்திருந்தது. இரத்தத்தில் மருந்தின் தடயமே இல்லை என்றார்கள். தானாகக் குளிசையை விட்டிருக்கிறான், வேறு யாருக்கும் இதில் பங்கில்லை என்று அரச வழக்கறிஞர் கோப்பை மூடிவிட்டார்.

யோகாம்பாள் அக்கா எங்களிடம் வந்தபோது அழவில்லை. ஒரு சங்கதியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். சாவதற்கு முந்தைய மாதங்களில் மகன், ஆராதனையில் ஆண்டவர் தன்னோடு கதைக்கிறார் என்று சொல்லியிருக்கிறான். அந்தச் சபையில் அது அதிசயமல்ல, ஆளுக்கு ஆள் ஏதோ ஒரு குரல் கேட்பதுதான். அக்காவும் சந்தோஷப்பட்டு ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறார். என்ன சொல்கிறார் என்று கேட்டதற்கு, ஈஸ்டருக்குச் சொல்கிறேன் என்று சிரித்தானாம். ஈஸ்டருக்கு முன் அவனைப் புதைத்தாகிவிட்டது.

"அந்தக் குரல்தான் குளிசையை விடச் சொல்லியிருக்கவேணும்" என்றார் அக்கா. "ஆளெண்டால் ஆள் எண்டு சொல்லுங்கோ. ஆண்டவரெண்டால் அதையும் மறையாமல் சொல்லுங்கோ. நான் இனி முழங்காலில நிக்கிறதோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியவேணும்."

எதைக் கண்டாலும் கண்டபடி சொல்வேன் என்று சிவகலா வாக்குக் கொடுத்தார். அக்கா போன பிறகு, கடவுளை விசாரிப்பதென்றால் அவர் எந்த ஊர்ச் சபையில், எந்தக் கெமைண்டேயில் குடியிருப்பதாகப் பதிந்திருக்கிறார் என்று முதலில் பார்க்க வேண்டுமே என்று நான் கேட்டேன். அன்றும் திட்டுத்தான் கிடைத்தது.

ஒத்திகை இடைவேளையில் குகநாதன் மேடையிலிருந்து இறங்கி வந்தார். நாற்பது வயதிருக்கும். தேய்த்த வெள்ளைச் சட்டை, மெல்லிய பேச்சு. பாஸ்டரின் தங்கையைக் கட்டியவர். பாஸ்டருக்கு இதய வருத்தம் வந்த பிறகு பாட்டும் பிரசங்கமும் இவர் கையில்தான். எங்களை சிஸ்டர், பிரதர் என்றார், தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டார், சயனின் பெயரைச் சொல்லும்போது கண்ணைத் துடைத்தார்.

டிரம்ஸ் கதிரையில் ஒரு நிமிடம் இருந்து பார்க்கலாமா என்று சிவகலா கேட்டார். குகநாதன் ஒரு கணம் தயங்கிவிட்டுத் தாராளமாக என்றார். சிவகலா கதிரையில் இருந்து, சயன் போட்டிருந்த அதே இயர்போனை எடுத்துத் துடைத்துக் காதில் வைத்தார்.

விளக்கம் குகநாதனே தந்தார். லப்டொப்பிலிருந்து இரண்டு வயர் போகிறது. ஒன்று மண்டபத்துக்கு. இவர்களிடம் இல்லாத வயலின், கூட்டுக்குரல், அடிநாதம் எல்லாம் பதிவு செய்து வைத்தபடி அதில் வரும், அதற்குப் பெயர் லூப். மற்ற வயர் டிரம்ஸ்காரனின் இடது காதுக்கு மட்டும். டிக் டிக் என்று தாளம் அதில் ஓடும், அதுதான் கிளிக். இடையில் குகநாதன் முன்பே பதிந்து வைத்த குரல், இனிப் பல்லவி, ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு என்று எண்ணிக் கொடுக்கும். அவன் கிளிக்கைப் பிடிக்க, மற்றவர்கள் அவனைப் பிடிப்பார்கள்.

"அந்த வயரில வாறது வேற ஒருத்தருக்கும் கேளாதோ?" என்று சிவகலா கேட்டார்.

"கேளாது சிஸ்டர். கேட்டால் ஆராதனை குழம்பிப்போம்."

போன வருடம் இங்கே ஒரு கலியாணத்துக்கு வந்தபோது பத்து வயலின்காரரைத் தேடிக் களைத்துப்போனேன், லப்டொப்புக்குள் இருந்தார்களா, சாப்பாடாவது கொடுத்தீர்களா என்று கேட்டேன். குகநாதன் மரியாதைக்குச் சிரித்தார்.

மேடை முன்பக்கத்தில், அவர் நிற்கும் இடத்தில், ஒரு கறுப்புப் பெடல் இருந்தது. அதைத் தொட்டுக் காட்டி இது எதற்கு என்று சிவகலா கேட்டார். ஆவியானவர் இறங்கினால் பாட்டை டக்கென்று நிறுத்த முடியாதாம். பாட்டு முடிந்த பிறகும் கடைசித் துண்டு ஒன்று சுற்றிச் சுற்றி வரவேண்டும், சனம் கண்ணை மூடிக் கையை உயர்த்திக்கொண்டு நிற்கும். இந்தப் பெடலை மிதித்தால் அந்தத் துண்டு ஓடும், விட்டால் நின்றுவிடும்.

"அப்ப ஆவியானவற்ற பிரேக் உங்கட காலிலதான்" என்றேன். இந்த முறை அவர் மரியாதைக்கும் சிரிக்கவில்லை.

சிவகலா பாட்டு முழுவதையும் கேட்டுவிட்டு இயர்போனைக் கழற்றினார். டிக் டிக்கும் எண்ணிக்கையும் தவிர வேறொன்றும் இல்லை என்று தலையசைத்தார். இது புது லப்டொப் என்றார் குகநாதன். பழையது தினேசனுடையது. கீபோர்ட் வாசித்தவன், இந்த லூப்பெல்லாம் செய்தவன் அவன்தான். சயனின் அடக்கத்துக்கு அடுத்த கிழமை ஒத்திகைக்கு வந்தவன், இடையில் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு போனானாம், அதற்குப் பிறகு சபைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. துன் நகரில் ஒரு ஹோட்டலில் வேலை என்று கேள்வி.

"அவன்ர மனச்சாட்சிக்கு என்னவோ தெரியும்" என்று குகநாதன் பெருமூச்சு விட்டார். "பாவம் சயன். மார்கழியில இருந்து ஒரு குளிசை தொடேல்லை. அவ்வளவு விசுவாசம் அந்தப் பிள்ளைக்கு."

சிவகலா நன்றி சொல்லிவிட்டு வந்து காரில் ஏறினார். துன் என்றார்.

நெடுஞ்சாலையில் மழை. எனக்கு வழக்கு முடிந்துவிட்டது. அந்த இடது காது வயருக்குள் குரலைச் செய்து வைத்தவன் தினேசன், அதனால்தான் லப்டொப்போடு ஓடினான், போய்க் கழுத்தைப் பிடித்தால் கக்குவான் என்றேன். சிவகலா தன் பாட்டில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, யோகாம்பாள் அக்கா சொன்னவற்றை மறுபடி சொல்லச் சொன்னார். மகன் குரலைப் பற்றிச் சொன்னதையெல்லாம் அக்கா எங்களுக்கு ஒப்புவித்திருந்தார்.

வீட்டில் ஜெபம் பண்ணும்போது அந்தக் குரல் ஒரு நாளும் வந்ததில்லை. ஆராதனையில், டிரம்ஸில் இருக்கும்போது மட்டும் வரும்.

"அதோட தாளத்துக்கு வரும்" என்றேன். "ஆண்டவர் ஒண்டில தொடங்குவார், பிசகவே மாட்டார் எண்டு பெடியன் சொல்லியிருக்கிறான். என்ர சபையில பாடுறவையை விட நல்ல தாளம்."

"வானத்தில இருந்து வாற குரல் கிளிக்கைப் பிடிச்சுக்கொண்டு வராது அண்ணை. லப்டொப்பில இருந்து வாற குரல்தான் வரும். அடுத்தது?"

குகநாதன் ஜெனீவாச் சபைக்குப் போகிற ஞாயிறுகளில் தினேசன் பாட்டு நடத்துவான். அந்த ஞாயிறுகளில் மகன் வீட்டுக்கு வந்து, இன்றைக்கு அவர் வரவில்லை அம்மா என்று முகத்தைத் தொங்கப் போடுவான். இதைச் சொல்லும்போதே என் தீர்ப்பு எனக்குக் கொஞ்சம் ஆட்டம் கண்டது. தினேசன் செய்த குரல் தினேசன் இருக்கும் நாளில் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

"கடைசியா ஒண்டு சொன்னா" என்றார் சிவகலா.

அதை நான் மறக்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டால் பயமே வரவில்லை என்றானாம். சின்ன வயதில் காய்ச்சலில் படுத்திருக்கும்போது இருந்தது போல இருக்கிறது என்றானாம். அதற்கு மட்டும் எங்கள் இருவரிடமும் விளக்கம் இருக்கவில்லை.

துன்னில் ஏரியும் மலையும் மழைக்குள் காணாமல் போயிருந்தன. ஹோட்டலின் பின்கதவில் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் தினேசன் வந்து நின்றான். நனைந்த ஏப்ரன், முப்பது வயது, நித்திரை இல்லாத கண். பொலிசா என்றுதான் முதலில் கேட்டான். இல்லை, சயனின் அம்மா அனுப்பினார் என்று சிவகலா சொன்னதும் அவன் முகம் உடைந்துபோனது. உள்ளே போனான். திரும்பி வரும்போது சமையலறைத் துவாய் சுற்றிய லப்டொப் கையில் இருந்தது.

அடக்கத்துக்குப் பிறகு புது டிரம்ஸ்காரனுக்குப் பாட்டுகளைச் சரிபார்த்துக் கொடுக்க, இடது காதுக்கான வயரைத் தானே போட்டுக் கேட்டிருக்கிறான். அப்போதுதான் அது கேட்டது. குகநாதன் கை வைப்பதற்கு முன் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"பிறகு ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"எனக்கு எஃப் பெர்மிட் அக்கா, எப்பவும் திருப்பி அனுப்பலாம். லப்டொப் என்ரை, லூப் செய்தது நான். ஆரை நம்புவினம், என்னையோ அவரையோ?" துவாயை இன்னும் இறுக்கிச் சுற்றினான். "ஒவ்வொரு நாளும் இதைத் தூக்கி ஏரிக்குள்ள போடுவம் எண்டு நினைக்கிறன். போட ஏலேல்லை."

எரிச்சல் வந்தது எனக்கு. ஆனால் திட்ட வாய் வரவில்லை. இந்த நாட்டில் அந்த ஒரு எழுத்தோடு இருப்பவன் தும்முவதற்கும் யோசிப்பான்.

இயர்போனை முதலில் சிவகலா போட்டுக் கேட்டார், பிறகு என்னிடம் தந்தார். மெதுவான பாட்டு ஒன்றின் முடிவுத் துண்டு. டிக், டிக், டிக், டிக். குகநாதனின் குரல் எண்ணியது. அதற்குப் பின் கிளிக்குக்கு அடியில், கிணற்றுக்குள் இருந்து வருவது மாதிரி, மிகத் தடித்த ஆண் குரல் ஒன்று மெல்லச் சொன்னது.

மருந்து வேண்டாம்.

டிக்.

போதும்.

துண்டு முடிந்து மறுபடி தொடங்கியது. மறுபடி அதே சொற்கள், நடுவில் அதே வெறும் டிக். கண்ணை மூடிக்கொண்டு, கைகளை உயர்த்திய நூறு பேருக்கு முன்னால், இதைக் கேட்டபடி அந்தப் பெடியன் தாளம் தவறாமல் அடித்திருக்கிறான்.

"இடையில கடவுளுக்கு மூச்சு வாங்குதோ?" என்று கேட்டேன். பயத்தை மறைக்க வேறு வழி எனக்குத் தெரியாது.

"மூச்சு இல்லை அண்ணை. அதிலதான் பிழை. அந்த இடத்தில ஒரு சொல் இருந்திருக்கு, வெட்டி எடுத்திருக்கு." சிவகலா தினேசன் பக்கம் திரும்பினார். "நீங்கள் பாட்டு நடத்தேக்க இந்தத் துண்டு ஓடாதோ?"

ஓடாது என்றான் தினேசன். அவனுக்குப் பெடல் பழக்கமில்லை. பாட்டு முடிந்தால் முடித்துவிடுவான். இந்தத் துண்டை ஓடவிடுகிறவர் ஒருவர்தான்.

கடவுள் எந்தக் கெமைண்டேயில் பதிந்திருக்கிறார் என்ற என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அவர் குகநாதனின் வலது சப்பாத்துக்குக் கீழே இருந்தார்.

நாங்கள் திரும்பிவந்தபோது ஒத்திகை முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். குகநாதன் மட்டும் மண்டபத்தில் கதிரைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். சுவிஸ்காரர் காலை ஆராதனைக்கு வரும்போது எல்லாம் இருந்தபடி இருக்க வேண்டும். சிவகலா முன்வரிசைக் கதிரையில் லப்டொப்பை வைத்துத் திறந்தார். குகநாதன் பார்த்தார், கையிலிருந்த கதிரையை மெல்லக் கீழே வைத்தார்.

"இரத்தத்தில மருந்து இல்லை எண்டுதான் டொக்டர்மார் சொன்னவை" என்றார் சிவகலா. "எப்ப விட்டவன் எண்டு அவைக்குத் தெரியாது. தாய்க்கும் தெரியாது. மார்கழி எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நானும்தான் பக்கத்தில் நின்று கேட்டேன், தேத்தண்ணி குடித்துக்கொண்டு.

குகநாதன் மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கதிரையில் இருந்து, கால்மேல் கால் போடாமல், பிரசங்கத்துக்குத் தயாராகிறவர் போல் கைகளைக் கோத்துக்கொண்டார். சயனே வந்து சொன்னான் என்றார். ஆண்டவர் சொல்லிவிட்டார், நத்தார்ப் பண்டிகையோடு குளிசையை விட்டுவிட்டேன், அம்மா தருவதை ஒளித்து எறிகிறேன், தெரிந்தால் பயப்படுவா, என்ன செய்ய என்று கேட்டான். ஈஸ்டர் மட்டும் ஒருவருக்கும் சொல்லாதே, அன்றைக்குப் பெரிய கூட்டத்தில் சாட்சியாகச் சொல்லலாம் என்று இவர் சொல்லியிருக்கிறார். சனம் வேறு சபைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. பாஸ்டர் படுக்கையில். சுகமான ஒரு பெடியன் மேடையில் எழும்பி நின்று நான் மருந்தில்லாமல் இருக்கிறேன் என்று சொன்னால், போனவர்களெல்லாம் திரும்பி வந்திருப்பார்களாம்.

"நான் கொலைகாரன் இல்லை சிஸ்டர். அவன்ர விசுவாசத்துக்கு ஒரு கை குடுத்தன். ஆண்டவர் மிச்சத்தைப் பாத்திருக்கவேணும்."

"ஆண்டவருக்குப் பேச்சு எழுதிக் குடுத்ததும் நீங்கள், குரல் குடுத்ததும் நீங்கள். அவர் மிச்சத்தில எதைப் பாக்கிறது?" என்றேன்.

குகநாதன் என்னைப் பார்த்து முதல் முறையாக உண்மையாகச் சிரித்தார். ஆண்டவருடைய இடத்தில் தன் குரலை வைக்கத் தனக்குப் பயம் என்றார். எழுந்து வந்தார். லப்டொப்பில் குரலின் தடிப்பைக் கூட்டிக் குறைக்கிற கோடு ஒன்றை விரலால் மெல்ல மேலே தள்ளினார், சின்ன ஸ்பீக்கரில் குரல் ஓடத் தொடங்கியது. கிணற்றுக்குள் இருந்த குரல் மேலே வந்தது. ஆணாக இருந்தது மெலிந்தது, பிறகு பெண்ணானது, பிறகு நான் அறிந்த பெண்ணானது. எங்கள் ஒபிசில், என் முன்னால் இருந்து, மறையாமல் சொல்லுங்கோ என்ற அதே குரல்.

யோகாம்பாள் அக்காவின் குரல்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபங்களையும் இதே லப்டொப்பில்தான் பதிவு செய்வார்களாம். அக்கா சாட்சி சொல்லி அழுது ஜெபித்த ஒரு வெள்ளிக்கிழமையிலிருந்து எடுத்ததாம். முழு ஜெபத்தையும் அழித்துவிட்டேன், அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்றார்.

"அவன் ஏன் நம்பினவன் எண்டு இப்ப விளங்குதோ? இந்தக் குரலுக்கு அவன் பயப்பிடமாட்டான்." குகநாதன் லப்டொப்பை மரியாதையாக மூடினார். "நீங்கள் தாராளமாக் கேஸ் போடுங்கோ. போட்டால் அந்தத் தாய்க்கு இதைப் போட்டுக் காட்டவேண்டி வரும். மருந்து வேண்டாம் எண்டு சொன்னது தன்ர வாய்தான் எண்டு அவ கோர்ட்டில கேப்பா. செய்வீங்களோ சிஸ்டர்?"

சின்ன வயதில் காய்ச்சலில் படுத்திருக்கும்போது இருந்தது போல. இப்போது எனக்கும் விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

காரில் நான் சிவகலாவிடம் கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். குரல் மனிதன் செய்தது, அவன் பெயர் குகநாதன், அக்கா கேட்டது அதைத்தான், அதை மட்டும் சொல்லிவிட்டு வருவோம் என்றேன். யாருடைய குரல் என்று அவர் கேட்கவே இல்லையே. ஒரு சொல்லை விட்டால் என்ன குடி முழுகிவிடும்?

"ஒரு சொல்லை விட்டதாலதான் அந்தப் பெடியன் செத்தவன்" என்றார் சிவகலா.

யோகாம்பாள் அக்கா மாலை வேலைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மேசையில் வந்து இருந்தார். சிவகலா எதையும் பூசி மெழுகவில்லை. குகநாதன் செய்ததைச் சொன்னார், பெடலைச் சொன்னார், ஈஸ்டர் சாட்சியைச் சொன்னார். அக்கா அசையாமல் கேட்டார். மனிதன்தான் என்று தெரிந்ததும் அவர் மார்பு ஒருதரம் ஏறி இறங்கியது, நெஞ்சுப் பாரம் கொஞ்சம் குறைந்தவர் போல. இத்தோடு நிறுத்துங்கோ என்று நான் மனதுக்குள் சிவகலாவைக் கும்பிட்டேன்.

"குரல் ஆரின்ர எண்டதும் தெரியும் அக்கா. அதைச் சொல்ல எனக்கு மனம் வரேல்லை. ஆனால் சொல்லுவன் எண்டு வாக்குத் தந்தனான்."

அக்கா நீட்டிய கையில் சிவகலா இயர்போனை வைத்தார். எந்தக் காது என்று அக்கா கேட்டார். இடது என்றார் சிவகலா.

லப்டொப்பின் திரையில் சின்னக் கோடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. முதற் சுற்றில் அக்காவின் முகத்தில் மாற்றமே இல்லை. இரண்டாம் சுற்றில் கண் அகன்றது. மூன்றாம் சுற்றில் உதடு அசையத் தொடங்கியது. காதுக்குள் ஓடுவதோடு சேர்ந்து, தாளத்துக்கு, மெல்லச் சொன்னார்.

"மருந்து வேண்டாம்."

அந்த வெறும் டிக் விழுகிற இடத்தில் அக்கா நிறுத்தவில்லை.

"ஆண்டவரே" என்றார். "போதும்."

சிவகலா தலையைக் குனிந்துகொண்டார். நான் அழுதேன், மறைக்க முயலவும் இல்லை. இந்த மனுஷி வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்து, இருபது வருடமாகப் பிள்ளைக்குக் குளிசை எண்ணிக் கொடுத்த அலுப்பில், இதிலிருந்து இவனை விடுதலையாக்கும் என்று மேலே பார்த்துக் கெஞ்சியிருக்கிறார். ஒரு சொல்லை உருவியதும் கெஞ்சல் கட்டளையாகிவிட்டது.

அக்கா இயர்போனைக் கழற்றி வயரைச் சுற்றி மேசையில் வைத்தார்.

"நான் ஆண்டவரிட்டக் கேட்டனான்" என்றார். "இவன் அதை வழியில பறிச்சு என்ர பிள்ளையிட்டக் குடுத்திட்டான்."

பிறகு எழுந்து போய் வேலையிடத்துக்கு ரெலிபோன் எடுத்து, இன்று வரமாட்டேன் என்று அறிவித்தார். குளிர் அங்கியைப் போட்டார். நீதிமன்றத்தில் இதைக் கேட்க வேண்டி வரும், பல முறை கேட்க வேண்டி வரும் என்று சிவகலா சொன்னார்.

"கேக்கிறன். அதில இல்லாத சொல்லை நான்தானே சொல்லவேணும். வேற ஒருத்தருக்கும் தெரியாது." அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். "பொலிசுக்கு இப்ப போகலாமோ?"

போகலாம், கார் கீழே நிற்கிறது என்றேன்.

வாசலில் சப்பாத்து போட அக்கா முழங்காலில் இருந்தார். கயிறு இரண்டையும் கட்டினார். கட்டி முடித்த பிறகும் எழும்பவில்லை, அப்படியே தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.